சொட்டும் எம்ஜிபி: எஞ்சினை இறக்கும் முன்

என் 1970 எம்ஜிபி ஜிடியின் அடியில் விரித்து வைத்த அட்டையில் தினமும் காலையில் ஒரே இடத்தில் கறை இருக்கும். பெல் ஹவுசிங்கின் அடித்துளைக்கு நேர் கீழே. அந்தத் துளையில் ஒரு ஸ்ப்ளிட் பின் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருக்கும். துளை அழுக்கால் அடைபடாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே போட்டது அது. அதன் நுனியில் எப்போதும் ஒரு சொட்டு தொங்கும். இங்கிலாந்தில் நான் காட்டிய பட்டறைக்காரர் எட்டிப் பார்த்த மறுகணமே தீர்ப்புச் சொன்னார்: பின் ஆயில் சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும். இறக்கினார்கள், சீலை மாற்றினார்கள். வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, அட்டையில் அதே இடத்தில் அதே கறை.

ஆயில் பின் சீலிலிருந்து வரவே இல்லை. எஞ்சினின் இடப்பக்கம், மேனிஃபோல்டுகளுக்குக் கீழே கண்ணில் படாமல் ஒரு தகர மூடி இருக்கிறது. அதன் ஓரத்தில் கசிந்து, எஞ்சின் பின்தகட்டின் மேல் வழிந்து, பெல் ஹவுசிங்கின் அடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த மூடியின் கார்க் கேஸ்கெட்டை ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவிட்டு நானே மாற்றினேன். அதற்கு முன் எஞ்சினை இறக்கி ஏற்றியதற்கு நான் கொடுத்த பணம் வீண். அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நான் விடவில்லை: வீட்டில் ஒரு ஜாக்கும் ஸ்பேனர் பெட்டியும் வைத்திருக்கிற ஒருவர் எந்தக் கசிவைத் தொட வேண்டும், எந்த வரிசையில் தொட வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும்?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, சொட்டுவதுதான் இந்த வண்டியின் சுபாவம், சொட்டவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகும். இன்னொரு கட்சி, ஒரு சொட்டைக் கண்டாலும் எஞ்சினைத் தூக்கி மேசையில் வைத்துவிடும். இரண்டு கட்சிக்கும் ஒரே குறை: ஆயில் எங்கிருந்து, எதனால் வெளியே வருகிறது என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை.

எம்ஜிபி 1962இல் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய அபிங்டனில் உருவாகி, 1980 அக்டோபர் வரை அங்கேயே ஓடிய தயாரிப்பு. ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. அதன் 1798 சிசி எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி-சீரிஸ் குடும்பம். இந்தக் குடும்பம் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல. உத்தர்பாராவில் செய்த அம்பாசடர் பல்லாண்டு சுமந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றே, 88.9 மில்லிமீட்டர். போர் மட்டும் வேறு: அதில் 73, இதில் 80.26. மேலே ராக்கர் கவரை இறுக்கும் இரண்டு நட்டுகள், பக்கவாட்டில் தகர மூடிகள், கார்க் கேஸ்கெட்டுகள் எல்லாம் ஒரே வீட்டுச் சாமான்கள். பெயரில் ஒரு குழப்பம் உண்டு, அதை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நம் பட்டறைகளில் டேப்பட் கவர் என்றால் எஞ்சினின் மேல்மூடி. பிரிட்டிஷ் கையேடுகளில் அதற்கு ராக்கர் கவர் என்று பெயர். அவற்றில் டேப்பட் கவர் என்பது பக்கத்தில் இருக்கும் மூடி. நான் இதைப் பக்கமூடி என்றே எழுதுகிறேன்.

மதுரையில் பட்டறை வைத்திருந்த என் தாய்மாமாவிடம் இந்தக் கதையைத் தொலைபேசியில் சொன்னேன். அம்பாசடரிலேயே வாழ்ந்தவர். சீல், கேஸ்கெட் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் குறுக்கே விழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "மாப்ள, அது மூச்சு விடுதான்னு பாத்தியா?" நான் பார்த்திருக்கவில்லை. பட்டறைக்காரரும் பார்க்கவில்லை.

இந்த எஞ்சினில் ஆயில் இரண்டு விதமாக இருக்கிறது. பம்பிலிருந்து ஆயில் கூலர், வடிகட்டி, பேரிங்குகள், பிரஷர் கேஜுக்குப் போகும் குழாய் வரை அழுத்தத்தில் இருக்கும் ஆயில் ஒன்று. ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு அழுத்தம். பேரிங்குகளை விட்டு வெளியேறியபின் சும்மா தெறித்து, வழிந்து, சம்ப்புக்குத் திரும்பும் ஆயில் மற்றொன்று. இதற்கு அழுத்தமே கிடையாது. ராக்கர் கவர், பக்கமூடி, சம்ப் கேஸ்கெட், முன் பின் சீல்கள் எல்லாம் இந்த இரண்டாவது ஆயிலைத்தான் காக்கின்றன. மழைத்தண்ணீரைக் காக்கும் கூரை ஓடு போன்ற வேலை அது. தண்ணீர்த் தொட்டியின் வேலை அல்ல.

கசிவின் ஆபத்தைத் தரையில் கிடக்கும் கறையின் அளவை வைத்து மதிப்பிடுவது இதனால்தான் தவறு என்கிறேன். ஒரு கணக்குப் போடலாம். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், இரவுக்குப் பத்துச் சொட்டு வீதம் வருடம் முழுக்கச் சொட்டினாலும் போவது ஏறக்குறைய 180 மில்லி. எஞ்சின் கொள்வதோ நாலேகால் லிட்டர். அட்டையில் பயங்கரமாகத் தெரியும் அந்தக் கறை எஞ்சினை ஒன்றும் செய்யாது. மறுபுறம், ஆயில் கூலருக்குப் போகும் ரப்பர் குழாய் ரேடியேட்டர் தாங்கும் தகட்டில் உரசி உரசித் தேய்ந்திருக்கலாம். அட்டையில் ஒரு சொட்டும் இருக்காது. ஒருநாள் நெடுஞ்சாலையில் அது வெடித்தால் சில நிமிடங்களில் சம்ப் காலி, பேரிங்குகளும் போயிற்று. பிளாக்கின் பின்பக்கம் வலப்புறத்தில் பிரஷர் கேஜுக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயும் அதே ஜாதி. விரல் தடிமன்கூட இல்லை, ஆனால் உள்ளே முழு அழுத்தம். அது வெடிப்பு விட்டு மெல்லக் கசியத் தொடங்கினால் ஆயில் பிளாக்கின் பின்புறமாக இறங்கிப் பெல் ஹவுசிங்கில் சொட்டும். பார்ப்பவர் அதையும் பின் சீல் என்றே சொல்வார்.

ஆகவே முதல் தீர்ப்பு எனக்குச் சந்தேகமே இல்லாதது. அழுத்தப் பக்கத்தின் எந்தக் கசிவும், ஈரக்கசிவாக இருந்தாலும், அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. வயது தெரியாத குழாய்களைக் கசிவு இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. இரண்டு ஸ்பேனர் போதும். ஒன்றால் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கூலரின் மெல்லிய கழுத்து முறுகிவிடும். பழைய ரக உருளை வடிகட்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. தலைப்பகுதியின் பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புதியதைப் போட்டுவிடுவார்கள். வண்டி நிறுத்தத்தில் நன்றாகவே இருக்கும்; குளிர்ந்த ஆயிலின் அழுத்தம் உச்சத்துக்கு ஏறும்போது பீய்ச்சி அடிக்கும். ஒரு கூரான ஊசியால் பள்ளம் முழுக்கக் கிளறிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி அழுத்தமில்லாத பக்கம். மாமாவின் கேள்வி இங்கேதான் வருகிறது.

எந்த பிஸ்டன் வளையமும் நூறு சதவீதம் அடைக்காது. எரிந்த வாயுவில் கொஞ்சம் வளையங்களைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அதை வெளியே எடுக்க வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். கூரை ஓட்டுக்குக் கீழிருந்து காற்று ஊதுவதுபோல, அழுத்தமே தாங்கத் தேவையில்லாத கேஸ்கெட்டுகள் எல்லாவற்றின் வழியாகவும் ஆயில் வெளியே தள்ளப்படும். தொடக்ககால எம்ஜிபியில் இந்த வாயுவை வெளியே விட ஒரு சாதாரணக் குழாய்தான் இருந்தது. 1964இலிருந்து இன்லெட் மேனிஃபோல்டில் ஒரு ஸ்மித்ஸ் வால்வைப் பொருத்தி, எஞ்சினின் உறிஞ்சலாலேயே வாயுவை இழுத்தார்கள். அறுபதுகளின் இறுதியில் அந்த வால்வை எடுத்துவிட்டு, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களின் பிஸ்டனுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள மெல்லிய, மாறாத உறிஞ்சலோடு நேரடியாக இணைத்தார்கள். முன் பக்கமூடியின் மேல் ஒரு சிறு டப்பா இருக்கும். அதற்குள் கம்பிச் சுருணை. வாயு அதன் வழியாக மேலே போகும், ஆயில் துளிகள் அதில் ஒட்டிக் கீழே விழும். புதுக்காற்று ஆயில் ஊற்றும் மூடியில் உள்ள வடிகட்டி வழியாக உள்ளே வரும்.

அழகான ஏற்பாடு. ஐம்பது வருடத்தில் அது என்ன ஆகிறது என்பதுதான் துயரம். சுருணையில் சகதி அடைத்துக்கொள்ளும். ரப்பர் குழாய் உள்ளுக்குள் உப்பி மூடிக்கொள்ளும். யாராவது ஒருவர் கார்புரேட்டரை மாற்றும்போது உறிஞ்சும் துளையே இல்லாத வேறு ஒன்றைப் போட்டு, பிரீதர் குழாயைச் சும்மா தொங்கவிட்டிருப்பார். ஸ்மித்ஸ் வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு விறைத்துப் போயிருக்கும். உரிமையாளர் இது எதையும் பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேஸ்கெட் மாற்றிக்கொண்டே இருப்பார். ஒன்றை அடைத்தால் அடுத்தது கசியும். ஒவ்வொரு கேஸ்கெட்டும் தரமில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்.

சோதிப்பதற்குக் காசு வேண்டாம். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, நிதான ஓட்டத்தில் விட்டு, ஆயில் மூடியைத் திறந்து அந்த வாயின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். உள்ளே லேசாக இழுத்துப் பிடித்தால் எஞ்சின் மூச்சு விடுகிறது. தாள் படபடத்து மேலே எழும்பினால் அடைப்பு, அல்லது வளையத் தேய்மானம். ஸ்மித்ஸ் வால்வு உள்ள வண்டிகளில் இன்னொரு அடையாளம்: மூடியைத் திறந்தவுடன் எஞ்சின் வேகம் சற்று ஏற வேண்டும், அசையாவிட்டால் வால்வு வேலை செய்யவில்லை. மாமா இதைத் தாளில்லாமல், உள்ளங்கையை வாயில் வைத்தே செய்வார். கையில் ஆயில் ஆவி தெறித்தால், "மூச்சு முட்டுது, முதல்ல அதைப் பாரு" என்பார்.

என் வண்டியில் தாள் எழும்பியது. டப்பாவைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். களிமண் கரைசல் போல ஒன்று வெளியே வந்தது. இரண்டு நாள் ஊறவைத்துக் காற்று அடித்து மாட்டியபின் தாள் உள்ளே இழுத்தது. பக்கமூடியைத் தொடுவதற்கு முன்பே சொட்டு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. எஞ்சின் இறக்கிய செலவை நினைத்து அன்று எனக்கு உண்மையிலேயே மனசு வலித்தது.

மூச்சுப் பாதையைச் சுத்தம் செய்தபின்னும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தாள் எழும்புகிறது என்றால் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். வறண்ட நிலையில் ஒரு முறை, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு ஒரு முறை. ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அந்த எஞ்சினுக்கு எந்த சீலும் உதவாது. முழு ஓவர்ஹால் வரை சொட்டைப் பொறுத்துக்கொள்வதே சரி. அதற்கு முன் சீலுக்குச் செலவிடும் ஒவ்வொரு பவுண்டும் நஷ்டம்.

மூச்சு சரியானபின் எங்கே கசிகிறது என்று தேடலாம். இதிலும் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னோக்கித் துரத்தும். புவியீர்ப்பு கீழே இழுக்கும். ஆகவே எங்கே கசிந்தாலும் எஞ்சினின் பின்கீழ் மூலைதான் நனையும். தரையில் இருக்கும் கறை முடிவைக் காட்டுகிறதே தவிரத் தொடக்கத்தைக் காட்டாது. எஞ்சினை டீகிரீசர் போட்டுத் துப்புரவாகக் கழுவிக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரைத் தூவிப் பத்து நிமிடம் ஓடவிட்டால் நனையும் கோடு தானே தெரியும். ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கு அடிப்பது இன்னும் உறுதி. குறிப்பாக எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே தடுமாறும்போது. எம்ஜிபியின் கியர்பாக்ஸிலும் எஞ்சின் ஆயிலையே ஊற்றுவதால் வாசனையை வைத்துப் பிரிக்க முடியாது. எஞ்சின் ஆயிலில் மட்டும் சாயம் போட்டால் சந்தேகம் தீர்ந்தது. எப்போதும் மேலிருந்து கீழே தேட வேண்டும். ராக்கர் கவர் காயாமல் பக்கமூடியைக் குற்றம் சொல்லக் கூடாது. பக்கமூடி காயாமல் பின் சீலைக் குற்றம் சொல்லக் கூடாது.

ராக்கர் கவர் எளிய வேலை. ஆனால் அதைக் கெடுத்தவர்களே அதிகம். கசிந்தால் நட்டை இன்னும் இறுக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அந்த இரண்டு நட்டுகளுக்கும் கையேடு சொல்வது 4 பவுண்டு-அடி மட்டுமே. சின்ன ஸ்பேனரை இரண்டு விரலால் திருப்பும் பலம். அதற்குமேல் போனால் அழுத்தி உருவாக்கிய தகர மூடியின் ஓரம் நெளிந்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல கேஸ்கெட்டும் அதன் வளைவுகளை நிரப்பாது. மூடியைத் தலைகீழாகத் தட்டையான இரும்பின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டி நேராக்குவதுதான் உண்மையான வைத்தியம். நேராக்கியபின் கேஸ்கெட்டை மூடியின் பக்கம் மட்டும் ஒட்டி, சிலிண்டர் ஹெட்டின் பக்கம் வெறுமனே விட வேண்டும். வால்வு இடைவெளி சரிபார்க்க அடுத்த முறை திறக்கும்போது கேஸ்கெட் கிழியாது. கார்க்கா, ரப்பரா என்ற சண்டையில் நான் கார்க் பக்கம். நெளிவு மிச்சமிருக்கும் பழைய தகரத்துக்கு அதன் விட்டுக்கொடுக்கும் குணம் ஏற்றது. வார்ப்பு அலுமினிய மூடி வாங்கிப் போட்டவர்களுக்கு ரப்பரும் நன்றாக அமையும்.

பக்கமூடிகள் இரண்டும் இதே நோய்க்கு ஆளானவை. அதோடு எட்டுவதற்கும் கஷ்டம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே ஒரு போல்ட். அதை இறுக்கினால் நடுப்பகுதி உள்ளே போகும், ஓரங்கள் வெளியே விரியும். ஆகவே இறுக்க இறுக்கக் கசிவு கூடும். போல்ட்டின் அடியில் இருக்கும் சின்ன வாஷரே கசிந்து, மூடியைக் குற்றவாளி ஆக்குவதும் உண்டு. கார்புரேட்டர்களையும் மேனிஃபோல்டுகளையும் கழற்றி வைத்துவிட்டுச் செய்வதே சரி. கழற்றாமல் இடுக்கில் கைவிட்டுச் செய்பவர்கள் கேஸ்கெட்டை நழுவவிட்டு மறுபடி தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மேனிஃபோல்டுகளுக்கு ஒரு புதிய கேஸ்கெட்டையும் கூடவே வாங்கிவிட வேண்டும். வீட்டு வேலைகளில் உழைப்புக்குக் கிடைக்கும் பலன் இதில்தான் அதிகம் என்பது என் முடிவு. ஒரு நாள் வேலை, சில பவுண்டு கேஸ்கெட்; பின் சீல் போய்விட்டது என்று பெயர் வாங்கிய கசிவுகளை முதலில் தேட வேண்டிய இடம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு இவ்வளவு அருகில் ஆயில் கசிந்தால் புகை வரும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அதனாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

முன் சீலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரேடியேட்டரை எடுத்து, கிராங்க் புல்லியின் பெரிய போல்ட்டைக் கழற்றத் துணிந்தவருக்கு அது ஒரு வார இறுதி வேலை. டைமிங் கவரை மாட்டும்போது புல்லியை சீலுக்குள் செருகி நடுமையம் பார்த்தபிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் புதிய சீலும் ஒரு பக்கமாகத் தேய்ந்து கசியும். புல்லியில் சீல் உரசி விழுந்த பள்ளம் இருந்தால் புல்லியையும் கவனிக்க வேண்டும்.

கடைசியாகப் பின் சீல். இங்கே எம்ஜிபியை ஒரே வண்டியாகப் பேசக் கூடாது. 1964 அக்டோபர் வரை வந்தவை மூன்று மெயின் பேரிங் எஞ்சின்கள், அம்பாசடரைப் போலவே. அவற்றின் பின்பக்கம் சீல் என்ற பொருளே கிடையாது. கிராங்க்ஷாஃப்டின் மேல் ஒரு திருகுப்புரி கடைந்திருக்கும். சுழலும்போது அது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். சுழற்சி நின்றால் அதன் வேலையும் நின்றுவிடும். ஓட்டிவிட்டு நிறுத்தியபின் சில சொட்டு விழுவது அதன் அமைப்பிலேயே உள்ளது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் திருகுப்புரி முற்றாகத் தோற்கும்; ஆகவே மூச்சுப் பாதை இந்த எஞ்சினுக்கு மற்றதைவிட இரட்டிப்பு முக்கியம். இதற்கு ரப்பர் சீல் பொருத்தும் மாற்று உபகரணங்களும் விற்கிறார்கள். கிராங்க்குடன் முடி அளவும் பிசகாமல் மையம் சேர்ந்தால்தான் அவை உழைக்கும். மையத்தை அளக்க டயல் கேஜும் அனுபவமும் இல்லாத வீட்டில் அதைச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். மூச்சைச் சரிசெய்து, மிச்சச் சொட்டுக்குத் தட்டு வைப்பதே இந்த எஞ்சினுக்கு நியாயமான முடிவு.

1964 அக்டோபருக்குப் பின் வந்த ஐந்து பேரிங் எஞ்சினில் உண்மையான லிப் சீல் உண்டு, பின்தகட்டில் பொருத்தியிருக்கும். அது தேயும், மாற்றவும் முடியும். ஆனால் எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்க இடமில்லை. எஞ்சினைத் தூக்கியே ஆக வேண்டும். வாடகைக் கிரேன், இன்னொரு ஆள், இரண்டு மூன்று நாள். செய்யக்கூடியதே. வீட்டிலேயே செய்து வென்றவர்களை எனக்குத் தெரியும். செய்யும்போது சீலை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது முட்டாள்தனம். பின்தகட்டின் கேஸ்கெட், பிளாக்கின் பின்னால் உள்ள ஆயில் வழி அடைப்பான், சம்ப்பின் பின்முனைக் கார்க் பட்டை ஆகிய மூன்றும் அதே சொட்டைத் தரக்கூடியவை. கிராங்க்கின் சீல் உரசும் பரப்பில் பள்ளம் இருந்தால், புதிய சீலின் உதடு பழைய பள்ளத்தில் விழாமல் சிறிது முன்னோ பின்னோ நிற்கும்படி அழுத்த வேண்டும். உதடு உள்ளே மடியாமல் ஏற்ற, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சுருளை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். என் எஞ்சினைத் திறந்த பட்டறையில் இந்த மூன்றையும் பார்க்கவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

எப்போது செய்வது? என் விடை ஒன்றே: கிளட்ச் கேட்கும்போது. கிளட்ச் தகட்டில் ஆயில் பட்டு நழுவினாலோ, பிடிக்கும்போது அதிர்ந்தாலோ, கிளட்ச் பேரிங் தேய்ந்து முடிந்தாலோ எஞ்சின் எப்படியும் வெளியே வர வேண்டும். அன்று சீல் ஒரு சின்னப் பொருள். கிளட்ச் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சொட்டுக்காக மட்டும் எஞ்சினைத் தூக்குவது, கூரையில் ஒரு ஓடு நகர்ந்ததற்கு வீட்டையே இடித்துக் கட்டுவது.

குப்பியில் விற்கும் கசிவு நிறுத்தும் திரவங்களை நான் முழுவதும் நிராகரிக்கிறேன். அவை ரப்பரை ஊதவைப்பவை. கார்க்குக்கும் திருகுப்புரிக்கும் அவற்றால் ஒன்றும் ஆகாது. ரப்பருக்குச் செய்வதும் நிரந்தரமல்ல. சிலிக்கான் பசையை வாரிப் பூசுவது அதைவிட ஆபத்து. உள்பக்கம் பிதுங்கும் புழு ஒருநாள் கழன்று ஆயில் பம்பின் உறிஞ்சு வலையில் போய் அடைக்கும். கேஸ்கெட்டுகள் சேரும் மூலைகளில் ஒரு பொட்டு போதும். நம் பட்டறைகளில் தடவும் ஷெல்லாக் காகிதக் கேஸ்கெட்டுக்கு இன்றும் நல்லதே. இறுகாத பசை வேண்டும் என்பவர்களுக்கு ரோல்ஸ்-ராய்ஸுக்காக உருவான ஹைலோமார் இருக்கிறது. ஆயிலைப் பொறுத்தவரை கையேட்டின் காலத்து 20W-50 தடிமனையே பின்பற்ற வேண்டும். இன்றைய 5W-30 இந்த எஞ்சினின் இடைவெளிகளுக்கு மிக மெல்லியது, சொட்டையும் கூட்டும்.

சொட்டை விட்டுவிடலாம் என்று நான் சொல்லும் இடங்களுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு: சொட்டும் ஆயில் மழைநீரோடு வடிகாலில் போய் ஆற்றில் சேருகிறது. 2018 மே முதல் பிரிட்டனின் எம்ஓடி வருடாந்தரச் சோதனை, சூழலைக் கெடுக்கும் அளவுக்குக் கசியும் வண்டியைத் தோல்வி அடையச் செய்கிறது. அதே மாதம் முதல், நாற்பது வயது கடந்து, பெரிய மாற்றங்கள் செய்யாத வண்டிகளுக்கு அந்தச் சோதனையே கட்டாயமில்லை. கடைசி எம்ஜிபிக்கும் 2020இல் நாற்பது ஆகிவிட்டது. ஆக இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றைச் சோதிக்க உரிமையாளரைத் தவிர வேறு யாரும் இல்லை. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன்; அதனால் என் தீர்ப்பில் ஒரு நிபந்தனை சேர்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் தட்டு இருக்க வேண்டும், தட்டில் சேர்வதை மறுசுழற்சி மையத்தில் கொடுக்க வேண்டும். சாலையில் விழும் அளவுக்குச் சொட்டினால் விட்டுவிடலாம் என்ற சலுகை முடிந்தது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: பழைய எஞ்சின் ஆயில் தோல் புற்றுநோய் தரக்கூடியது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது, ஸ்டாண்டுகள் கட்டாயம்.

என் தீர்ப்பு இது. வீட்டில் செய்பவர் அழுத்தக் குழாய்களில் தொடங்க வேண்டும். அடுத்து மூச்சுப் பாதை. பிறகு மேலிருந்து கீழாக ராக்கர் கவர், பக்கமூடிகள், வேண்டுமானால் முன் சீல். இவ்வளவும் எஞ்சினை இறக்காமல் செய்யக்கூடியவை. இவற்றை முடித்தபின் மிஞ்சும் சொட்டு தட்டில் அடங்குமானால் அது பின் சீலாக இருந்தாலும் கிளட்சுக்காகக் காத்திருக்கலாம். இந்த வரிசையைத் தாண்டி முதலிலேயே எஞ்சினை இறக்கச் சொல்லும் யாரிடமும் பிளாஸ்டிக் தாள் சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள்.

இந்த வாரம் என் தட்டில் இரவுக்கு இரண்டு மூன்று சொட்டு விழுகிறது. சாயம் போட்டுப் பார்த்ததில் சம்ப்பின் பின்முனைக் கார்க் பட்டையைக் காட்டுகிறது. எஞ்சின் வெளியே இருந்தபோது யாரும் தொடாமல் விட்ட அதே பட்டை. கிளட்ச் இன்னும் உறுதியாகப் பிடிக்கிறது. அது நழுவும் நாள் வரை சம்ப்பை நான் தொடப்போவதில்லை.